மணிக்கு இரண்டு மைல்

"இந்தக் காருக்கு நான்தான் பாஸ். என்ரை சொல்லுக்குத்தான் இதில ஆரும் ஸ்பனர் வைக்கவேணும்."

ஜெயகௌரி இதைச் சொன்னபோது கராஜில் மூன்று ஆண்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று கோப்பைகளும் ஒரே நேரத்தில் வாயை விட்டு இறங்கின.

இப்படி ஒன்றைக் கேட்கவே கூடாது என்று, அவள் வேலைக்குப் போன முதல் நாளே அவளுடைய தாய் தவமலர் சொல்லி அனுப்பியிருந்தாள். "சம்பளம் கூட்டிக் கேள். லீவு கேள். ஹீற்றர் போடச் சொல்லிக் கேள். ஆம்பிளையளுக்கு மேல நிக்கிற இடத்தை மட்டும் வாய்விட்டுக் கேட்டிடாதை. பிறகு வேலையும் இராது, மரியாதையும் இராது." பார்க் ரோயல் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடமாகச் சான்ட்விச் பொதிசெய்கிறவள் சொன்ன புத்தி. அதில் அனுபவம் இருந்தது. ஜெயகௌரிக்கு எரிச்சல் வந்ததும் அதனால்தான்.

இந்த இடத்தில் 'பாஸ்' என்பதற்கு அர்த்தம் சொல்லிவிட வேண்டும். லண்டனில் பிறந்த பெடியள் அதை ஆங்கிலச் சொல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு அப்படியல்ல. மேசன் பாஸ், தச்சுப் பாஸ், கராஜ் பாஸ். முதலாளி வேறு, பாஸ் வேறு. முதலாளி இடத்துக்குச் சொந்தக்காரன்; பாஸ் வேலைக்குச் சொந்தக்காரன். கிங்ஸ்பரியில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்தக் கராஜுக்கு முதலாளி நவரத்தினம். பாஸ் பெனடிக்ற். மூன்றாவது ஆளாக நின்றவர் காரின் சொந்தக்காரர் ஸ்ரீஸ்கந்தராஜா. கோலியர்ஸ் வுட்டில் கல்யாணங்களுக்கு மணவறை, பூ, கார் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஒரு பெண்ணை யாரும் பாஸ் என்று கூப்பிட்டதை அந்த மூவரும் தங்கள் வாழ்நாளில் கேட்டதில்லை.

முதலில் சிரித்தது பெனடிக்ற்தான். "பாஸோ? அப்ப நான் ஆர்? உனக்குத் தேத்தண்ணி ஊத்துற ஆளோ?"

"உங்கட தேத்தண்ணி வாயில வைக்கேலாது அண்ணை. வெல்டிங்தான் உங்களுக்குச் சரி."

நவரத்தினம் பதறிப்போனார். "பிள்ளை, கஸ்டமருக்கு முன்னால என்ன கதை இது? நீ போய் அந்த எம்.ஓ.டி புக்கிங்குகளைப் பார்."

அதுதான் அவளுடைய வேலை. தொலைபேசி எடுப்பது, எம்.ஓ.டி என்கிற வருடாந்தச் சோதனைக்கு வருகிற கார்களின் நம்பரை நாட்குறிப்பில் எழுதுவது. குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இயந்திரப் பொறியியலில் நல்ல தேர்ச்சி. கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக எடுத்த படம் வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலே பூமாலை போடாத குறையாகத் தொங்கியது. நாற்பத்தொரு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் போட்டவர்கள் நல்லவர்கள். மற்றவர்கள் அதுகூடப் போடவில்லை. கடைசியில் நவரத்தினத்தின் கராஜில், மேசைக்குப் பின்னால். மதிய உணவு நேரங்களில் மேசையை விட்டு எழுந்து வேலைத்தளத்துக்குப் போய்ப் போய், ஒன்றரை வருடத்தில் கிளச் மாற்றவும் கியர்பெட்டி இறக்கவும் பழகிவிட்டாள். சொந்தக்காரர்களிடம் தவமலர், "மகள் ஒட்டோமோட்டிவ் கொம்பனியில" என்று மட்டும் சொல்லுவாள். எண்ணெய் பிடித்த நகங்களைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

கார் மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. 1970ஆம் ஆண்டுச் செவர்லே செவெல். மேல்மூடி திறக்கிற, இரண்டு கதவு, எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். டெக்ஸாஸிலிருந்து கப்பலில் வந்தது. 'செவெல்' என்பது பெனடிக்ற்றின் வாயில் முதல் நாளே 'சிவலை' ஆகிவிட்டது. காரின் நிறமோ கடும் நீலம். ஒருமுறை ஸ்ரீஸ்கந்தராஜாவின் மாமியார் பார்க்க வந்து காரைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, "சிவலை எண்டாங்கள், இதுக்கு எங்கையடா சிவப்பு?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

எட்டு மாதமாகச் சிவலை அசையவில்லை. பெனடிக்ற் நேரம் கிடைக்கும்போது தட்டுவார், நேரம் கிடைப்பதில்லை. இப்போது ஸ்ரீஸ்கந்தராஜாவின் அக்கா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நாளும் வைத்தாயிற்று. ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு. அடுத்த நாள் ஆடி பிறந்துவிடும். பிறகு ஒரு மாதத்துக்கு யாரும் கல்யாணம் பேச மாட்டார்கள். மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வர வேண்டும். அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கத்தான் அந்தத் தை மாதக் குளிரில் மனிதர் வந்திருந்தார்.

"எனக்கு ஆர் பாஸ் எண்டது பிரச்சினை இல்லை," என்றார் அவர். "ஆனிக்குள்ள இந்தச் சாமான் மேளத்துக்குப் பின்னால நடக்கவேணும். அவ்வளவுதான்."

"என்ன சொன்னனீங்கள் அங்கிள்? ஓடவேணுமோ, நடக்கவேணுமோ?"

"மாப்பிள்ளை ஊர்வலத்தில ஓடுறதோ? நடக்கிறதுதானே. பள்ளிக்கூட வாசலில இருந்து மண்டபம் மட்டும் அரை மைல். கவுன்சிலிட்டைப் பெர்மிசனும் எடுத்தாச்சு. நாதஸ்வரம், ரெண்டு தவில் சோடி. சந்திக்குச் சந்தி நிண்டு அடிப்பினம். ஒரு மணித்தியாலம் ஆகும்."

ஜெயகௌரி பெனடிக்ற்றைப் பார்த்தாள். "கேட்டியளே அண்ணை? நீங்கள் எட்டு மாசமா இதை ரேஸ் ஓடுறதுக்குக் கட்டுறியள். மனுசன் கேக்கிறது மணிக்கு ரெண்டு மைல்."

நவரத்தினம் ஒருமுறை காரையும் ஒருமுறை நாட்காட்டியையும் பார்த்தார். "சரி. இந்த ஒரு காருக்கு மட்டும். போனையும் நீதான் எடுக்கவேணும்," என்றார்.

அன்று மாலை வீட்டில் சொன்னபோது தவமலர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டிட்டியோ?" என்று மட்டும் கேட்டாள்.

மாசி, பங்குனி முழுக்கத் துருவோடு மல்லுக்கட்டு. டெக்ஸாஸில் துரு இல்லை என்று விற்றவன் சொல்லியிருந்தான். பின்சீற்றைக் கழற்றியபோது துரு அரித்த தரைத் தகட்டுக்குள் விரல் போனது. பெனடிக்ற் முணுமுணுத்துக்கொண்டே தகடு வெட்டி, ஒட்டு எங்கே என்று தேடும்படி வெல்டிங் செய்தார். அந்த விடயத்தில் அவரை மிஞ்ச வடலண்டனில் ஆள் கிடையாது. ஜெயகௌரிக்கும் அது தெரியும். நான்கு சில்லிலும் இருந்தது பழைய ட்ரம் பிறேக். முன்னால் இரண்டுக்கும் டிஸ்க் போட முடிவெடுத்தாள். மிதிக்கிற காலுக்கு உதவியாக, எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற பலத்தில் இயங்கும் ஒரு சேர்வோவையும் பொருத்தினாள். எஞ்சினைக் குளிர்விக்கத் தடித்த அலுமினிய றேடியேற்றர். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பழைய விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். ஊர்வலத்தில் அது போதாது. ஆகவே மின்சாரத்தில் ஓடுகிற இரண்டு விசிறிகள், அந்த மின்சாரத்தைத் தரப் பெரிய அல்ரனேற்றர். பெற்றோல் குழாய் எஞ்சின் சூட்டில் கொதிக்காமல் இருக்க அதை வேறு வழியால் கொண்டுபோனாள்.

"குதிரையைக் கழுதையாக்குறாய்," என்றார் பெனடிக்ற்.

"குதிரையைத்தான் கலியாணத்துக்குப் பழக்கிறன் அண்ணை. வெடி கொளுத்தினாலும் மிரளாமல்."

கராஜின் மேல்தட்டில் ஒரு நீளப் பெட்டி இருந்தது. பெனடிக்ற் போன வருடமே அமெரிக்காவிலிருந்து வரவழைத்த காம்ஷாப்ற். எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு. ரேஸ் கார்களுக்குச் செய்தது. அதைப் போட்டால் நின்ற இடத்திலேயே எஞ்சின் தடக்குத் தடக்கென்று நெஞ்சுக்குள் இடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெயகௌரி அந்தப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. "அது மெதுவாச் சுத்தேக்க எஞ்சின் காத்தை வடிவா உறிஞ்சாது. உறிஞ்சாட்டி சேர்வோ வேலை செய்யாது. பிறேக் பிடிக்காது. நான் சும்மா சொல்லேல்லை, இது கணக்கு," என்றாள்.

வைகாசி நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் படுக்கை. ஆறாம் நாள் கராஜ் வாசலை எட்டும்போதே தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. தடக்கு, தடக்கு, தடக்கு. தகரக் கூரை அதிர்ந்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா பக்கத்தில் நின்று கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, கேட்டியே? சிங்கம்!"

"ஆர் போட்டது?"

"நான்தான் பெனடிக்ற்றைக் கேட்டனான். மாப்பிள்ளை வாறது சனத்துக்குத் தெரியவேண்டாமோ?"

"அதுக்குத்தானே அங்கிள் தவில் பிடிச்சிருக்கிறியள்? மேளத்துக்கு மேல எஞ்சின் கேட்டா அந்தத் தவில்காரர் தடியை உங்கட முதுகிலதான் வைப்பினம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. எஞ்சின் உறிஞ்சுகிற பலத்தை அளக்கிற வக்கியூம் கேஜைக் கொண்டுவந்து எஞ்சினில் கொழுவினாள். அவள் விட்டுப்போனபோது பதினெட்டில் நின்ற முள் இப்போது ஒன்பதில் நடுங்கியது. "பாருங்கோ," என்றாள். பெனடிக்ற் பார்த்தார். "ஒருக்கா மிதிச்சுப் பாத்தனான், நல்லாத்தான் பிடிக்குது," என்றார்.

"ஒருக்கா பிடிக்கும். நாலாம் தரம்?"

"முப்பது வருசமா நான் கார் செய்யிறன். நீ புத்தகத்தில படிச்சதைக் கொண்டுவந்து எனக்கு..."

"அப்ப வாற சனிக்கிழமை ஊர்வலம் வைச்சுப் பாப்பம். இஞ்சையே, இந்த ஒழுங்கையில. மேளத்தோட."

நவரத்தினத்துக்கு இது பகிடியாக இருந்ததால் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை மதியம் தொழிற்பேட்டை ஒழுங்கையில் வேறு வாகனம் இல்லை. தார் வெயிலில் இளகிக் கிடந்தது. நவரத்தினத்தின் வான் முன்னால், அதற்குள் நாதஸ்வர சி.டி. பின்சீற்றில் ஸ்ரீஸ்கந்தராஜா, எண்ணெய்த் துணியைத் தலைப்பாவாகக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளைத் தோழன் எங்கை? தோழன் இல்லாட்டி நான் வரமாட்டன்!" என்று கத்தினார். இடதுபக்க ஸ்ரியரிங்கில் பெனடிக்ற்.

ஜெயகௌரி வானுக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றாள். காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கெஜம் முன்னால்.

"பிள்ளை, அங்கை நிக்காதை," என்றார் பெனடிக்ற், கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி.

"கலியாணத்தில இந்த இடத்தில ஆர் நடப்பினம் அண்ணை? மாப்பிள்ளையின்ரை தாய். தேங்காய்த் தட்டு வைச்சிருக்கிற பெண்டுகள். சின்னப் பிள்ளையள். அவையளுக்குக் காரைப் பார்த்து நடக்கத் தெரியாது, மேளத்தைத்தான் பாப்பினம். நானும் அப்பிடித்தான் நடக்கப்போறன். நீங்கள் காரை ஓடுங்கோ."

மேளம் தொடங்கியது. வான் நகர்ந்தது. அவள் நடந்தாள். பின்னால் தடக்குத் தடக்கென்று இரும்பு மூச்சு. இந்தக் காம் போட்டதால் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க பெனடிக்ற் சுற்றைக் கூட்டியிருந்தார். அதனால் கார் தானாகவே முன்னால் உந்தியது. ஒவ்வொரு தடவையும் மிதித்துத்தான் பிடிக்க வேண்டும். ஒரு நிறுத்தம். நின்றது. இரண்டாவது. நின்றது. ஸ்ரீஸ்கந்தராஜா பின்சீற்றிலிருந்து காணாத சனத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு உலுக்கல். அவள் திரும்பவில்லை. சட்டையின் முதுகு வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் போல் கழுத்து தவித்தது. பார்க்கவில்லை.

நான்காவது தடவை வான் நின்றபோது அவளும் நின்றாள். கார் நிற்கவில்லை.

பம்பர் முழங்காலின் பின்மடிப்பில் பட்டது. அடி என்று சொல்ல முடியாது, ஒரு தள்ளல்தான். ஆனால் ஒன்றரைத் தொன் இரும்பின் தள்ளல். இரண்டு கையையும் தாரில் ஊன்றி விழுந்தாள். பெனடிக்ற் எஞ்சினை நிறுத்திவிட்டார். அதே நேரத்தில் பொனற்றின் விளிம்பால் ஆவி சீறியது. அந்தச் சூட்டை விசிறிகளாலும் தாங்க முடியவில்லை. சி.டி. மட்டும் ஒன்றும் நடக்காததுபோல மங்கலமாக வாசித்துக்கொண்டிருந்தது. நவரத்தினம் ஓடிவந்து அதை நிறுத்தினார்.

பெனடிக்ற் இறங்கினார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"கல்லு," என்றார். "பெடல் கல்லு மாதிரிக் கிடந்தது. ரெண்டு காலாலையும் மிதிச்சனான், கௌரி. ரெண்டு காலாலையும்."

ஜெயகௌரி எழுந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்த கற்களைத் தட்டினாள். தோல் உரிந்திருந்தது. கத்த வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தைகள் ஐந்து நாளாகச் சேர்த்தவை. நல்ல நல்ல வார்த்தைகள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. அதுவும் அவளுக்குக் கோபத்தைத்தான் தந்தது.

"விழுந்தது நான் எண்டபடியால் பரவாயில்லை," என்று மட்டும் சொன்னாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா எண்ணெய்த் துணியைத் தலையிலிருந்து கழற்றி மடியில் வைத்திருந்தார். "அக்கா முன்னால நடந்திருப்பா," என்றார், யாருக்கும் சொல்லாமல்.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தபோது எஞ்சினின் முன்பக்கம் திறந்து கிடந்தது. ரேஸ் காம் ஒரு துவாயில் சுற்றி வாங்குப் பலகையில் படுத்திருந்தது. பெனடிக்ற் அவளைப் பார்க்காமல், "பழைய தண்டு தேய்ஞ்சு போச்சு. என்ன சைஸில புதுசு எடுக்கிறது எண்டு நீ சொல்லு," என்றார். அவள் சொன்னாள். அவர் ஒரு காட்போட் துண்டில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து ஆனி வரை இருவரும் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. வேலை அப்படி நடந்தது. இதற்கு முன் அந்தக் கராஜில் எதுவும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

இரண்டாவது ஒத்திகையில் அவள் மறுபடியும் காருக்கு முதுகைக் காட்டி நடந்தாள். பதினாறு நிறுத்தம். ஐம்பது நிமிடம். எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. வெப்ப முள் நூற்றுத்தொண்ணூறு பாகை பரனைற்றுக்குப் போய் அங்கேயே குந்திக்கொண்டது. கடைசியில் நவரத்தினம்தான் களைத்துப்போய், "போதும், எனக்குப் பசிக்குது," என்று மேளத்தை நிறுத்தினார்.

கல்யாணத்தன்று லண்டன் கொதித்தது. பொதுவாக மழைக்குப் பயந்து பந்தல் போடுகிற சனம் அன்று குடை பிடித்தது வெயிலுக்கு. மாப்பிள்ளையின் காரை ஒரு பெண் ஓட்டுவது சரிவராது என்று ஸ்ரீஸ்கந்தராஜாவின் வீட்டுப் பெண்களே சொல்லிவிட்டதால் பெனடிக்ற் கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்ரியரிங்கில் இருந்தார். ஜெயகௌரி மயில்பச்சைச் சேலையில், காலில் சப்பாத்தோடு, முன்சில்லுக்குப் பக்கத்தில் நடந்தாள். மாப்பிள்ளையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. விசிறிகள் ஓடுகிற சத்தத்தை மேளத்துக்குள் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மண்டபத்துக்குக் கிட்ட வந்தபோது தட்டுப் பிடித்த பெண்கள் நடுவிலிருந்து ஒரு சிறு பெண் பிள்ளை கையை உதறிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். கழன்று விழுந்த கால் கொலுசு ஒன்று பம்பருக்கு நேர் முன்னால் கிடந்தது. பிள்ளை குனிந்து எடுத்து, அங்கேயே குந்தியிருந்து மாட்டவும் தொடங்கினாள். சிவலை ஏற்கனவே நின்றிருந்தது. உலுக்கல்கூட இல்லை, மாப்பிள்ளையின் தலைப்பா அசையவில்லை. சனம் ஒன்றையும் கவனிக்கவில்லை. பெனடிக்ற் மட்டும் கண்ணாடிக்கு மேலால் ஜெயகௌரியைப் பார்த்தார். அவள் கொலுசுக் கொக்கியை மாட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தாயிடம் கொடுத்தாள்.

மண்டப வாசலில் கோட்டுப் போட்ட ஒருவர் பொனற்றையே சுற்றிக்கொண்டு நின்றார். விஜயன் என்று பெயர். மலேசியாவின் ஈப்போவிலிருந்து இருபத்தைந்து வருடத்துக்கு முன் படிக்க வந்து, கணக்காளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். "இந்த வெயில்ல ஒரு மணி நேரம் உருட்டியும் கொதிக்கலையே! யாருங்க செஞ்சது?" என்று கேட்டார்.

"எங்கட பெனடிக்ற் பாஸ்தான்," என்றார் நவரத்தினம், தோளில் தட்டி. "முப்பது வருச சேர்விஸ்."

பெனடிக்ற் மறுக்கவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். ஜெயகௌரி அவர் வாயைப் பார்த்தாள். திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, சாப்பாட்டு வரிசையில் விஜயன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். "ஏம்மா, வழி முழுக்க நீங்க மாப்பிள்ளையப் பாக்கவே இல்ல, காரோட முன் கிரில்லையே பாத்துக்கிட்டு வந்தீங்க. ஓட்டினவர் உங்களத்தான் பாத்துக்கிட்டு வந்தாரு. செஞ்சது யாருன்னு எனக்குப் புரியுது. ரெய்னர்ஸ் லேன்ல என் வீட்டுக் கராஜ்ல ஒரு பொன்டியாக் கார் பதினாலு வருஷமா தூங்குது. எனக்கு வேகம் வேணாம். ஸ்காட்லாந்து போய்த் திரும்பி வரணும், என் சம்சாரத்துக்கு முதுகு வலிக்கக் கூடாது. முடியுமா?"

"பாக்காமச் சொல்லேலாது," என்றாள் ஜெயகௌரி. "பாத்தாலும் உங்களுக்குப் பிடிக்காததைத்தான் முதல்ல சொல்லுவன்."

"ஆமா, அதானே வேணும்!" என்று அவர் அட்டையை நீட்டினார்.

அன்று மாலையே அவருக்குத் தொலைபேசி எடுத்தாள். வைத்துவிட்டு, பெரிய சூட்கேஸ் எங்கே என்று தாயைக் கேட்டாள். தவமலர் கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்துக்கொண்டே, "வேலையை விடுறியோ?" என்றாள்.

"ஓம்."

"அங்கை என்னெண்டு கூப்பிடுவினம் உன்னை?"

"தெரியாது அம்மா. மிஸ் எண்டோ, ஏய் எண்டோ. செய்யிறது நான் எண்டு தெரிஞ்சு கூப்பிடுவினம்."

தவமலர் சூட்கேஸின் தூசியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். அது சம்மதமா, பழக்கமா என்று ஜெயகௌரி கேட்கவில்லை.

திங்கள் காலை கராஜில் தொலைபேசி ஓயவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள், வந்தவர்களிடம் கேட்டவர்கள். நவரத்தினம் முகம் மலர்ந்து நின்றார். "பிள்ளை, மூண்டு அமெரிக்கன் கார் வருது! நாங்கள் இப்பிடிச் செய்வம். பெனடிக்ற் முன்னால நிக்கட்டும், சனத்துக்கு அதுதான் நம்பிக்கை. நீ பின்னால நிண்டு அவருக்குச் சொல்லிக்குடு. சிவலையின்ரை கதை சிவலையோட முடிஞ்சுது, சரியே? இப்ப போனை எடு."

ஜெயகௌரி போனை எடுக்கவில்லை. தன் லொக்கரைத் திறந்து சொக்கற் செற், ரோர்க் ரென்ச், வக்கியூம் கேஜ், எஞ்சினில் பொறி விழுகிற நேரம் பார்க்கிற ரைமிங் லைற் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சூட்கேஸுக்குள் அடுக்கினாள்.

அப்போதுதான் நவரத்தினம் சூட்கேஸைக் கண்டார். "எங்கை பயணம்? சிலோனுக்கோ?"

"ரெய்னர்ஸ் லேனுக்கு."

"அதுக்கு ஏன் சூட்கேஸ்?"

"சாமான் பாரம் அண்ணை. போன கிழமைச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கோ. புக்கிங் எல்லாம் டயறியில வடிவா எழுதியிருக்கு. புதன்கிழமை ஒன்பது மணிக்காரர் எப்பவும் பிந்தித்தான் வருவார், ஏசாதேங்கோ."

"பிள்ளை, இப்பிடிக் கோவிச்சுக்கொண்டு போறதோ? சரி, உன்ரை பேரையும் போடுவம். பெனடிக்ற்றின்ரை பேருக்குக் கீழ, சின்னனா..."

அவள் சூட்கேஸின் சிப்பை இழுத்தாள். பெனடிக்ற் ஒரு வானின் கீழிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறவர்போல் நின்றார். நேற்றுச் சொல்லாததைச் சொல்லப்போகிறார் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

"ரைமிங் லைற் என்னுடையது," என்றார். "வைச்சிட்டுப் போ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதத்தில் முதல் தடவை. சிப்பைத் திரும்பத் திறந்து, ரைமிங் லைற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "எனக்குப் புதுசு வேணும்தான். உது உங்கட காலத்துச் சாமான்."

"போடி," என்றார் பெனடிக்ற். ஆனால் வந்து சூட்கேஸை வாசல் படியால் இறக்கி வைத்தார். அதன் பாரம் அவரையே ஒருமுறை இழுத்தது.

மேசையில் தொலைபேசி மறுபடியும் அடித்தது. நவரத்தினம் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ளை, போன் அடிக்குது."

"ஓம், அடிக்குது," என்றாள் ஜெயகௌரி.

வெம்பிளி பார்க்கில் ரயில் மாற வேண்டும். பத்து மணிக்கு வருவதாக விஜயனிடம் சொல்லியிருந்தாள். சூட்கேஸின் கைபிடியை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி நடந்தாள். சின்னச் சில்லுகள் தாரில் கடகடவென்று உருண்டன.